எருமைக்கடா நொண்டுகிறது, குளம்பிடுக்கில் நாற்றம்: கோமாரியா, குளம்பு அழுகலா?

தோவாளைக்காரன்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம், தோவாளைப் பக்கம். முர்ரா கடாக்கன்றுகளை வாங்கி வளர்த்து, இறைச்சிக்காகக் கேரள வியாபாரிகளிடம் கொடுக்கிறேன். எங்கள் பக்கம் போத்து என்போம். கொட்டில் வயலை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கணுக்கால் புதையச் சேறு.

இருப்பதிலேயே நல்ல கடா, 300 கிலோவுக்குக் குறையாது, நேற்று முன்தினம் காலையில் வலது பின்னங்காலை ஊன்ற மாட்டேன் என்று நின்றது. முந்தின நாள் சாயங்காலம் வரை எந்தக் கோளாறும் இல்லை. குளம்புக்கு மேலே சுற்றிலும் வீக்கம், தொட்டால் சுடுகிறது, இரண்டு குளம்பும் விலகி நிற்கின்றன. கிட்டப் போனாலே நாற்றம். தீவனத்தில் பாதிகூடத் தின்னவில்லை. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து தொடையில் 10 மில்லி போட்டார். அன்று ராத்திரி கொஞ்சம் தேவலை போலிருந்தது. இன்று மறுபடியும் அதே நிலைமை.

பக்கத்து வீட்டுக்காரர் கோமாரி என்கிறார். மாமனார் சூடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். மாதக் கடைசியில் வண்டி கொண்டு வருவதாக வியாபாரியிடம் பேச்சு, முன்பணமும் கைக்கு வந்தாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேய்ச்சல்தரை

அண்ணா, முதலில் வாயைத் திறந்து பாருங்கள். நூல் நூலாக எச்சில் வடிகிறதா? நாக்கிலோ, உதட்டின் உள்பக்கமோ, மேல் ஈறிலோ கொப்புளம், தோல் உரிந்த புண் இருக்கிறதா? கொட்டிலில் வேறு எதுவும் நொண்டுகிறதா? கோமாரி என்றால் ஒரு மாட்டில், ஒரு காலில் நிற்காது. இன்று ஒன்று, நாளைக்கு இரண்டு என்று கொட்டிலே படுத்துவிடும்.

தடுப்பூசி போட்டீர்களா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகப் போடுகிறது, 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டம். வெளியூர்ச் சந்தையில் வாங்கிய கன்றுக்குப் போட்டிருப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கோமாரி போலத் தெரியவில்லை. இருந்தாலும் அதைத் தனியாக, காய்ந்த தரையில் கட்டுங்கள். எந்த நோயாக இருந்தாலும் அது நல்லதுதான்.

வண்டிமாடு

எங்கள் குடும்பம் காங்கயம் வண்டிமாடு வைத்திருந்த குடும்பம், அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எல்லா நொண்டலுக்கும் சூடுதான். பெரியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கையில் வேறு மருந்து இல்லை. ஆனால் அவர்களிடம் இருந்த ஒன்று இப்போது நம்மிடம் இல்லை: லாடம் அடிப்பவர். மாட்டைக் கயிறு போட்டு மண்ணில் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு குளம்பாகச் சீவிவிட்டுத்தான் லாடத்தை வைப்பார். ஒரு காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு. சீவும்போதே எங்கே கறுப்பு ஓடியிருக்கிறது, எந்த இடத்தில் கல் ஏறியிருக்கிறது, பழைய ஆணி உள்சதையைத் தொட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மாட்டின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிற மனிதர் அவர் ஒருவர்தான். வண்டிமாடு போனதோடு அவரும் போய்விட்டார். இப்போது பண்ணைக்கு இருபது முப்பது என்று வளர்க்கிறோம், ஒன்றின் குளம்பையும் திருப்பிப் பார்ப்பதில்லை.

தோவாளை நண்பரே, இதுவரை யாராவது அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

பழையபட்டி

சூட்டை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். சூடு வைத்த மாடு நாலைந்து நாளில் எழுந்து நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்த ஓட்டம் கூடும், வீக்கம் வற்றும். இங்கிலீஷ் மருந்து மட்டும்தான் மருந்தா?

கால்நடை மருத்துவர் தஞ்சை

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் திடீரென்று வந்த நொண்டல், ஒரே கால், இரண்டு பக்கமும் சமமாக வீங்கிக் குளம்புகள் விரிந்து நிற்பது, கூடவே அந்த நாற்றம்: இத்தனையும் சேர்ந்தால் பெரும்பாலும் குளம்பு அழுகல்தான். வீக்கம் ஒரு குளம்புக்கு மேல் மட்டும் இருந்தால் கதை வேறு. ஆணியோ முள்ளோ குத்தி உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், மூட்டுக்குள்ளேயே சீழ் இறங்கியிருக்கலாம். அதற்கு ஊசி மட்டும் போதாது, குளம்பை அறுத்துச் சீழை வெளியேற்ற வேண்டும். இளங்கன்றுக்குத் தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நெறுநெறுவென்று சத்தம் வந்தால் அது சப்பை நோய். அதில் மணிக்கணக்கில் உயிர் போகும், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறினால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். வண்டிமாடு கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. காலைத் தூக்கிப் பார்க்காமல் போடுகிற ஊசி குத்துமதிப்பு வைத்தியம்தான்.

கோமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. எருமைக்கு வாய்ப்புண் பசுவைப் போல எடுப்பாகத் தெரியாது. எச்சில் வடியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கோமாரி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மற்ற மூன்று கால்களின் குளம்பிடுக்கையும் பாருங்கள்.

குளம்பு அழுகலுக்கு முக்கியக் காரணம் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற கிருமி. வெளியூரிலிருந்து வருவதல்ல. மாட்டின் வயிற்றிலேயே இருக்கிறது, சாணத்தோடு வெளியே வந்து சேற்றில் பல மாதம் கிடக்கும். நல்ல தோலில் அதனால் நுழைய முடியாது. நாள் கணக்காக ஈரத்தில் ஊறிப்போன தோலில், சரளைக்கல்லோ அறுத்த நெல்தாளோ ஒரு கீறல் போட்டால் அதுவே வாசல். காற்றில்லாத இடத்தில் பெருகும் கிருமி என்பதால், சேறும் சாணமும் அடைத்த குளம்பிடுக்கு அதற்குத் தோதான இடம்.

அடுத்து அந்த 10 மில்லி. என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி என்றே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கு. 300 கிலோ கடாவுக்கு 6,000 மில்லிகிராம். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் 30 மில்லி வேண்டும், அதையும் ஒரே இடத்தில் போடாமல் 10 மில்லி வீதம் மூன்று இடத்தில். மூன்றில் ஒரு பங்கு மருந்து போட்டால் ஒரு ராத்திரி தேவலையாகி மறுபடி கிளம்பத்தான் செய்யும். இறைச்சி மாட்டுக்குத் தொடையில் ஊசி போடுவதும் சரியல்ல. நல்ல கறி இருக்கும் இடத்தில் தழும்பு விழும். கழுத்தில்தான் போட வேண்டும். கணக்கைச் சொன்னது நீங்களே போட்டுக்கொள்ள அல்ல, போட வருபவரிடம் எடை என்ன, மருந்து என்ன, எத்தனை மில்லி என்று கேட்பதற்காக.

பழையபட்டி ஐயா, நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கும். லேசான அழுகல் சில மாட்டில் காய்ந்த தரையில் நின்றாலே தானாக ஆறும். சூடு வைத்தது அந்த நாலைந்து நாளுக்குள் விழுந்திருக்கும். புண் குளம்பிடுக்கில் இருக்கிறது, சூட்டுக்கோல் தொடையில் படுகிறது. ஏற்கெனவே ஒரு காலில் வலி தாங்காத உயிருக்கு இன்னொரு வலி. மழைக்காலத்தில் சூட்டுப்புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்து வருகிற மாடுகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மூலிகை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம், இவற்றை அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்து, கழுவித் துடைத்த புண்ணில் போடலாம். கோமாரிக் கால்புண்ணுக்கும் இதுதான். புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதோ, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ. ஆனால் காய்ச்சலோடு வீங்கி நிற்கிற காலுக்கு எண்ணெய் மட்டும் போதாது. கிருமி தோலுக்கு அடியில் இருக்கிறது.

தோவாளைக்காரன்

டாக்டருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்தேன், வண்டி வந்தது. கடாவை இரண்டு தென்னைக்கு நடுவில் நிறுத்தி, கொம்பைச் சேர்த்து ஒரு மரத்தில் கட்டி, பின்னங்காலின் முட்டிக்கு முன்னால் மூங்கிலைக் கொடுத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். முதலில் உதைத்தது, கால் உயர்ந்ததும் அடங்கிவிட்டது.

இடுக்கில் சாணமும் சேறும் இறுகி ஒரு கட்டி. அதை விரலால் நெம்பி எடுத்ததும்தான் நாற்றத்தின் முழு வேகமும் வந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ, இடுக்குத் தோல் முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் பிளந்திருப்பது தெரிந்தது. ஓரம் இரண்டு பக்கமும் தடித்து, நடுவில் வெளுத்த மஞ்சளாகச் செத்த தோல். மருத்துவர் அதைத் துணியால் ஒற்றி எடுத்தார், வெட்டவில்லை. அடிக்குளம்பைத் தட்டிப் பார்த்தார், முள் எதுவும் இல்லை. மற்ற மூன்று காலும் வாயும் சுத்தம். காய்ச்சல் 104. குளம்பு அழுகல் என்று உறுதியாகச் சொன்னார். கழுத்தில் மூன்று இடத்தில் ஊசி, வலிக்குத் தனியாக ஒன்று. கட்டுப் போட வேண்டாம், திறந்தே இருக்கட்டும், ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மாமனாரும் கூட நின்று பார்த்தார். சூட்டுப் பேச்சு அதோடு நின்றது.

மேய்ச்சல்தரை

வலிக்கு என்ன ஊசி என்று பார்த்தீர்களா அண்ணா? டைக்ளோஃபெனாக் மாட்டுக்குப் போடக்கூடாது என்று 2006-லேயே தடை. அது போட்ட மாடு செத்து, அந்தச் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-ல் தடையாயின. நான் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போய் வருகிறவன். தமிழ்நாட்டில் பாறு கூட்டமாக மிஞ்சியிருப்பது அங்கேதான். மனிதருக்கு விற்கிற டைக்ளோஃபெனாக்கை எங்கேயும் மாட்டுக்குப் போட விடாதீர்கள்.

தோவாளைக்காரன்

சீட்டில் மெலாக்சிகாம் என்று இருக்கிறது.

கால்நடை மருத்துவர் தஞ்சை

மெலாக்சிகாம் பாறுக்குக் கேடு செய்யாதது, சரியான மருந்து. மூன்று நான்கு நாளில் வீக்கம் நன்றாக வற்றி, காலை ஊன்ற ஆரம்பிக்க வேண்டும். அப்படி வராவிட்டால் மருந்தை மாற்றிப் போடுவதற்கு முன் மறுபடியும் காலைத் தூக்குங்கள். மூட்டுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அப்போதுதான்.

சந்தைவழி

நான் வியாபாரத்தில் இருக்கிறவன், உள்ளதைச் சொல்கிறேன். நொண்டுகிற மாடு தினமும் எடை இழக்கும். கொஞ்சம் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் ஏற்றிவிடுங்கள். வாங்குகிறவர் எடையையும் உடம்பையும்தான் பார்ப்பார், எப்போது ஊசி போட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வண்டிமாடு

ஒருவரும் கேட்பதில்லை என்பதால் அது சரியாகிவிடாது. அந்தக் கறியைத் தின்னப்போவது நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

கால்நடை மருத்துவர் தஞ்சை

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மருந்து உடம்பை விட்டுப் போகிற காலம் என்று ஒன்று உண்டு. இறைச்சிக்கு எத்தனை நாள், பாலுக்கு எத்தனை நாள் என்று கால்நடை மருந்து லேபிளில் போட வேண்டும் என்பது 2012-ல் வந்த விதி. குறிப்பிட்ட மருந்துக்கு ஆய்வுக் கணக்கு இல்லாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். நீண்ட நேர ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு இறைச்சிக்கு 28 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ண ஆரம்பிப்பது கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து.

தவிர, நொண்டுகிற மாட்டை லாரியில் ஏற்றுவதே தப்பு. பயணத்துக்குத் தகுதியானது என்று மருத்துவர் சான்று வேண்டும், 1978-ஆம் வருட விதி அது. மூன்று காலில் நிற்கிற மாடு கேரள எல்லையைத் தாண்டுவதற்குள் கீழே விழும், மற்றவை அதன் மேல் ஏறி மிதிக்கும். அப்படி நெஞ்செலும்பு நொறுங்கி இறங்கிய மாட்டைப் பார்த்தவர்கள் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

தோவாளைக்காரன்

வியாபாரியிடம் பேசிவிட்டேன். இந்தக் கடாவுக்குப் பதில் வேறொன்றை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொஞ்சம் முகம் சுளித்தார்தான், பரவாயில்லை. ஊசி போட்ட தேதியைக் கொட்டில் தூணில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். கடா இப்போது காலை ஊன்றி நிற்கிறது, தவிடு கேட்டுக் கத்துகிறது.

பால்காரம்மா

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், என் சந்தேகத்தையும் கேட்கிறேன். என்னிடம் கலப்பின ஜெர்சி இரண்டு. சிமெண்ட் தரை, சேறே கிடையாது, தினமும் கழுவிவிடுகிறேன். அதில் ஒன்று பங்குனியிலிருந்து முள்மேல் நடப்பதுபோல நடக்கிறது. நாற்றம் இல்லை, வீக்கம் இல்லை. குளம்பு நீண்டு முன்பக்கம் வளைந்துவிட்டது. பால் பாதியாகிவிட்டது. இதற்கும் இதே ஊசியா டாக்டர்?

கால்நடை மருத்துவர் தஞ்சை

இல்லையம்மா, இது வேறு. அரிசிக் கஞ்சி, சோறு, மாவு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? தை மாதம் மாட்டுப்பொங்கலுக்குப் பொங்கல் ஊட்டினீர்களா?

பால்காரம்மா

வீட்டில் மிஞ்சுகிற சோறு தினமும் போகும். மாட்டுப்பொங்கலுக்கு அக்கம்பக்கத்திலும் கொண்டுவந்து ஊட்டினார்கள். மறுநாள் வயிறு உப்பிக் கழிந்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

கால்நடை மருத்துவர் தஞ்சை

வயிறு சரியாகியிருக்கும், குளம்பு தப்பவில்லை. சோறும் மாவும் அதிகமானால் வயிற்றில் புளிப்பு ஏறும். அது ரத்தத்தில் கலந்து குளம்புக்குள் இருக்கும் மெல்லிய சதையை வீங்க வைக்கும். குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் தையில் பட்ட அடி, அடிக்குளம்பில் ரத்தக்கட்டாக வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் பொங்கல் எல்லோருக்கும் மறந்துபோகும், சிமெண்ட் தரை மேல் பழி விழும். தரையிலும் பாதித் தப்பு உண்டு, மறுக்கவில்லை. கலப்பினப் பசுக்களில் நொண்டல் பெரும்பாலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில்தான் வரும். நாள் முழுதும் கெட்டித் தரையில் நிற்கிற மாட்டுக்கு அந்தக் குளம்பு அதிகம் வளர்ந்து, பாரம் முழுக்க அதன் மேல் விழுகிறது.

கால்நடை மருந்தகத்தில் மாட்டை நிறுத்தும் இரும்புக் கூண்டு இருக்கும். அங்கே கொண்டுபோய் நீண்ட குளம்பைச் சீவச் சொல்லுங்கள். அடியில் புண் இருந்தால், நல்லாயிருக்கிற பக்கத்துக் குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டுவார்கள். புண்பட்ட குளம்பு தரையில் படாமல் ஓய்வெடுக்கும். இதற்குக் கிருமிக்கொல்லி ஊசி போடுவது வீண், ஏழு நாள் பாலும் வீணாகும். சோற்றை நிறுத்துங்கள், வைக்கோலும் பசும்புல்லும் கூடட்டும், தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் கொடுங்கள். படுக்கிற இடத்திலாவது ரப்பர் பாய் போடுங்கள். குளம்பு புதிதாக வளர்ந்து வரப் பல மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

பால்காரம்மா

பசுவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துத்தான் எல்லோரும் ஊட்டுகிறோம். ஒருவரும் இதைச் சொன்னதில்லை. அடுத்த பொங்கலுக்கு நெற்றியில் பொட்டும் மாலையும், வாயில் ஒரு பிடி பொங்கலோடு சரி. தெருவிலும் சொல்லிவிடுகிறேன்.

தோவாளைக்காரன்

இன்னொரு கேள்வி. மற்ற கடாக்களுக்கு வராமல் இருக்கக் கொட்டில் வாசலில் மயில்துத்தத் தொட்டி கட்டச் சொல்கிறார்கள். எங்கள் ரப்பர்க்காரர்கள் போர்டோ கலவைக்கு வாங்குகிற அதே மயில்துத்தம்தானே? எவ்வளவு போட வேண்டும்?

மேய்ச்சல்தரை

அதேதான். நூறு லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா. நாலு காலும் நன்றாக நனைய 10 அடி நீளத் தொட்டி வேண்டும். இரண்டரை அடி அகலம், 5 அங்குல ஆழம் என்றால் கிட்டத்தட்ட 300 லிட்டர், 15 கிலோ மயில்துத்தம். நாலைந்து முறை சாணக் காலோடு இறங்கினால் தண்ணீர் சாணக் கரைசலாகிவிடும், மருந்து வேலை செய்யாது. பெரிய பண்ணைக்குத்தான் அது கட்டும். பத்துப் பதினைந்து உருப்படிக்கு, காலைக் கழுவிவிட்டுத் தோளில் மாட்டுகிற தெளிப்பானால் அதே கரைசலைக் குளம்பிடுக்கில் அடித்துவிடலாம்.

அதைவிட அந்தத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருக்கிற சேற்றுக்கு ஒரு வழி செய்யுங்கள். தண்ணீர் குடிக்கிற இடத்தில் தினமும் பத்து முறை நின்று ஊறுகிற காலுக்கு எந்த மருந்தும் ஈடு கொடுக்காது.

தோவாளைக்காரன்

அதைத் தொடங்கிவிட்டேன். தொட்டியைச் சுற்றி மண்ணை வெட்டிவிட்டு உடைகல்லை அடியில் போட்டு, மேலே கால் குத்தாதபடி கிரஷர் பொடி பரப்பித் திமிசு போட்டாயிற்று. தண்ணீர் வயல் வாய்க்காலுக்கு ஓடச் சாய்வும் கொடுத்திருக்கிறேன். கொட்டில் உள்ளே இன்னும் ஒரு மூலையில் ஊற்றுப் போல ஈரம் கசிகிறது, அது மழை விட்டபிறகுதான் முடியும். தெளிக்கிற மயில்துத்தத் தண்ணீர் வழிந்து போகிற இடத்தில் பக்கத்து வீட்டு ஆடுகள் மேயும். அதனால் ஏதும் வருமா?

கால்நடை மருத்துவர் தஞ்சை

வரும். மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு செம்மறிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று கொல்லும். வெள்ளாடு அந்த அளவுக்கு இல்லை என்றாலும் நம்பி விட வேண்டாம். வாய்க்காலில் கலந்தால் மீனுக்கும் ஆகாது. உங்கள் இடத்துக்கு மயில்துத்தமே வேண்டாம். நெல் வயலுக்கு அடியுரமாகப் போடுகிற ஜிங்க் சல்பேட்டை வாங்கி, பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கரைத்து அடியுங்கள். கழுவிய காலில் அடித்து, அது காயும் வரை அரை மணி நேரமாவது உலர்ந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள். உடனே சேற்றில் விட்டால் போட்ட மருந்து அத்தனையும் தரைக்குத்தான் போகும். தண்ணீர் குடித்து முடித்தபிறகு அடியுங்கள், எருமை எதையும் நக்கிப் பார்க்கும்.